பிரெஞ்சு வீட்டுச் சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்செய் சோப்பு, ஓபினெல் கத்தி, டூராலெக்ஸ் டம்ளர், தாமிரப் பாத்திரம் எல்லாம் இப்போது அலங்காரப் பொருள் விலைக்கு விற்கின்றன. பிரான்ஸில் இவை துவைக்கும் இடத்திலும் சமையலறை இழுப்பறையிலும் கிடப்பவை. ஒவ்வொன்றும் ஏன் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்படிப் பயன்படுத்துவது, எதைச் செய்தால் கெடும் என்பதும் தெரிந்துவிடும். வாங்கப் போகிறவர்களும் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே.

உண்மையான மார்செய் சோப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

உறையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். "மார்செய் சோப்பு" என்ற பெயர் நெடுங்காலமாக ஒரு செய்முறையைத்தான் குறித்து வந்திருக்கிறது, ஊரை அல்ல. அதனால் மார்செய் பக்கமே போகாத சோப்பிலும் அந்தப் பெயர் இருக்கும்.

பின்பக்கத்தைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். சோடியம் ஒலிவேட் (ஆலிவ் எண்ணெய்), சோடியம் கோகோயேட் (தேங்காய் எண்ணெய்), சோடியம் பாமேட் (பாமாயில்), தண்ணீர், உப்பு, சோடியம் ஹைட்ராக்சைடு, இவ்வளவுதான் இருக்க வேண்டும். சோடியம் டாலோவேட் என்று இருந்தால் மாட்டுக் கொழுப்பு. வாசனை, நிறமி, ஈடிடிஏ என்று பட்டியல் நீண்டால் அது சாதாரணக் குளியல் சோப்பு, பெயர் மட்டும் இரவல். லாவெண்டர் மணத்தோடு ஊதா நிறத்தில் இருப்பது பரிசளிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அசல் இரண்டே நிறத்தில் வரும். ஆலிவ் எண்ணெய் அதிகமுள்ளது பச்சை, பாம், தேங்காய் எண்ணெயில் செய்தது வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. கனசதுரக் கட்டியின் ஆறு பக்கமும் முத்திரை இருக்கும். பழைய முறையில் கொப்பரையில் காய்ச்சுபவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுதான்: மார்செயில் 1856 முதல் இயங்கும் ஃபேர் ஆ ஷெவால், லெ செராய், சவோனரி து மிதி, பக்கத்திலுள்ள சலோன் தெ புரோவான்ஸில் 1900ல் தொடங்கிய மரியூஸ் ஃபாபர்.

முத்திரையில் உள்ள 72% எதைச் சொல்கிறது?

எண்ணெயிலிருந்து வந்த கொழுப்பு அமிலத்தின் பங்கு. மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பும் சோடாவும். 72% ஆலிவ் எண்ணெய் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. வெள்ளைக் கட்டியில் ஒரு துளி ஆலிவ் எண்ணெய் இல்லாமலேயே 72% முத்திரை விழும்.

கட்டி காயக் காயத் தண்ணீர் குறைந்து எடை இறங்கும், சோப்பு இறுகும். இறுகிய சோப்பு மெதுவாகத்தான் கரையும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குடும்பங்கள் பெட்டியாக வாங்கித் துணி அலமாரியில் மாதக்கணக்கில் உலரவிட்டதற்கு அதுதான் காரணம். 600 கிராம் கட்டி வாங்கினால் உறையைப் பிரித்து, காற்றுப்படும் இடத்தில் வைத்துவிடுங்கள். முழுதாக இறுகிய பின் கத்தியால் வெட்ட முடியாது. நான்காகப் பிளக்க வேண்டுமென்றால் வாங்கிய வாரத்திலேயே மெல்லிய கம்பியால் அறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கென்று அரசாணையே இருந்ததாமே?

இருந்தது. 1688 அக்டோபர் 5 அன்று பதினான்காம் லூயி ஆட்சியில் வந்தது. கோல்பேர் ஆணை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மந்திரி கோல்பேர் 1683லேயே இறந்துவிட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆலிவ் எண்ணெயோடு வேறு கொழுப்பு எதையும் கலக்கக் கூடாது, மீறினால் சரக்குப் பறிமுதல். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பட்டறைகள் மூடப்பட வேண்டும், ஏனென்றால் கோடை வெப்பத்தில் சோப்பு சரியாக உறைந்து உலராது.

காய்ச்சும் முறையில் அடிப்படை மாறவில்லை. எண்ணெயையும் சோடாவையும் பெரிய கொப்பரையில் கொதிக்கவைப்பார்கள். பிறகு உப்புநீர் விடுவார்கள். உப்புநீரில் சோப்பு கரையாது என்பதால் அது மேலே திரண்டு நிற்கும், கிளிசரினும் மிச்சச் சோடாவும் அடியில் வடியும். மறுபடி காய்ச்சி, கழுவி, ஓயவிட்டு, தரைத் தொட்டிகளில் ஊற்றி உறையவைப்பார்கள். வெட்டி, உலர்த்தி, முத்திரை குத்தி முடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். சோடா முதலில் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து வந்தது. 1791ல் நிக்கோலா லெப்லான் கடல் உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு சாம்பலுக்காகக் காத்திருக்க வேண்டியிராமல் போயிற்று.

மார்செய் சோப்பால் துணி துவைத்தேன், வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிட்டது. ஏன்?

தண்ணீர்தான் காரணம். உப்புத் தண்ணீரிலுள்ள (கடின நீர்) கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி, நூலிழையில் படிகின்றன. பாரிஸ் குழாய்த் தண்ணீரும் கடினமானதுதான், போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிடர்ஜென்ட் பவுடரில் இதைத் தடுக்கும் பொருள்கள் சேர்த்திருப்பார்கள், சோப்பில் இல்லை.

அலசும்போது வினிகர் ஊற்றினால் சரியாகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. நுரை முழுக்கப் போன பிறகு கடைசி அலசலில் கொஞ்சம் விட்டால் தப்பில்லை. நுரை இருக்கும்போதே ஊற்றினால், அமிலம் சோப்பைப் பிரித்து மறுபடி கொழுப்பு அமிலமாக்கிவிடும். துணியில் மெழுகுத் திட்டுகள் ஒட்டும், மெஷின் குழாயும் அடைபடும். தண்ணீரில் முதலில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்துவிட்டு அப்புறம் சோப்பைச் சேர்ப்பதுதான் சரியான வழி.

உண்மையில் இந்தச் சோப்பு மின்னுவது கறை எடுப்பதில். சட்டைக் காலரை நனைத்து, உலர்ந்த கட்டியால் நேராகத் தேய்த்து, 15 நிமிடம் விட்டு, பிறகு வழக்கம்போல் மெஷினில் போடுங்கள். பட்டு, கம்பளி இரண்டிலும் வேண்டாம். சோப்பின் காரத்தன்மை அந்த இழைகளின் புரதத்தைத் தாக்கும்.

படுக்கையில் சோப்பு வைத்துத் தூங்குகிறார்களாமே?

வைக்கிறார்கள். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, விரிப்புக்கு அடியில் கால்மாட்டில் உலர்ந்த மார்செய் சோப்பு ஒன்றை வைப்பது பிரெஞ்சுப் பாட்டி வைத்தியம். மருத்துவ நிரூபணம் கிடையாது. மெத்தை வாசனையாக இருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

ஓபினெல் கத்தியில் உள்ள எண் என்ன? எதை வாங்குவது?

ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவ்வா பகுதியில் ஜோசப் ஓபினெல் 1890ல் இந்தக் கத்தியைச் செய்தார். 1897ல் 1 முதல் 12 வரை அளவு வரிசை போட்டார். 1ஆம் எண் மிகச் சின்னது, 11ஆம் எண் 10க்கும் 12க்கும் நடுவே தேவையில்லாதது என்று இரண்டையும் பின்னாளில் நிறுத்திவிட்டார்கள். எண் ஏறினால் அலகு நீளும்: 8ல் 8.5 சென்டிமீட்டர், 10ல் 10, 12ல் 12.

பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி வெட்ட ஒரே கத்தி போதும் என்பவர்களுக்கு 8. சின்னக் கைக்கு 6. சமையலறையில் காய் நறுக்க மடக்குக் கத்தி எதுவும் சரிப்படாது, பொரியலுக்குப் பீன்ஸ் அரிய இதை வாங்காதீர்கள்.

அலகில் பொறித்திருக்கும் கிரீடம் தரித்த கை 1909ல் பதிவுசெய்த முத்திரை. கிரீடம் சவ்வாவின் கோமகன்களைக் குறிக்கிறது. மூன்று விரல் நீட்டிய கை, பக்கத்து ஊரான சேன் ழான் தெ மோரியனின் சின்னத்திலிருந்து வந்தது. திருமுழுக்கு யோவானின் மூன்று விரல் எலும்புகள் அந்த ஊர்ப் பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை.

கத்தி திறக்கவே மாட்டேன் என்கிறது. உடைந்துவிட்டதா?

இல்லை, கைப்பிடி தண்ணீர் குடித்து உப்பியிருக்கிறது. 8ஆம் எண் கத்தியில் ஐந்தே உறுப்புகள்: அலகு, பீச் மரக் கைப்பிடி, நிலைப் பூண், குறுக்கே ஓடும் ஒரு ரிவெட், அதன்மேல் சுழலும் பூட்டுப் பூண். இந்தப் பூட்டு 1955ல் மார்செல் ஓபினெல் சேர்த்தது, விரோபிளாக் என்பார்கள். அலகு, கைப்பிடியில் அறுத்த ஒரு பிளவுக்குள் மடங்குகிறது. மரம் ஈரம் இழுத்ததும் பிளவு குறுகி அலகைக் கவ்விக்கொள்ளும்.

இதற்கு ஊர்க்காரர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது, 'சவ்வாக்காரன் தட்டு' என்று பெயர். பூட்டைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். மூடிய கத்தியைப் பூண் பக்கமாகப் பிடித்து, கைப்பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் 'டொக்' என்று ஒரு தட்டு தட்டுங்கள். அலகு அரை விரல் வெளியே எட்டிப் பார்க்கும், நகக்கண் வைத்து இழுத்துவிடலாம். பூண் இருக்கும் முனையைத் தட்டினால் ஒன்றும் நடக்காது.

அதன் பின் திறந்தபடியே இரண்டு நாள் காற்றில் உலரவிடுங்கள். அடுப்பிலோ வெயிலிலோ வைத்தால் மரம் வெடிக்கும். உலர்ந்தும் இறுக்கமாகவே இருந்தால், மெல்லிய உப்புத்தாளை மடித்துப் பிளவுக்குள் விட்டு, இரண்டு பக்கச் சுவரையும் கொஞ்சம் தேய்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். ரிவெட் மேல் சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசினாகிவிடும். பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் மட்டும் ஒரே தடவையில் கதை முடிந்தது.

கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா?

கார்பன் எஃகைச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். ஆனால் ஈரம் பட்டால் துரு, எலுமிச்சை, தக்காளி வெட்டினால் கருப்பு. பழம் வெட்டினால் லேசாக இரும்பு வாடையும் அடிக்கும். வெட்டியதும் துடைத்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் நல்ல கத்தி. கடலோர ஊரில் இருந்தால் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கூர் தீட்டும்போது இரண்டு பக்கமும் சுமார் 20 டிகிரி சாய்வு.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் காசு கேட்கிறார்களே?

கத்தி நட்பை வெட்டிவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. வாங்குபவர் ஒரு சென்ட் காசாவது கொடுத்தால் அது பரிசாக இல்லாமல் விலைக்கு வாங்கியதாகிவிடும். சிலர் பெட்டிக்குள்ளேயே ஒரு காசை ஒட்டிக் கொடுப்பார்கள், பெறுபவர் அதைத் திருப்பித் தர வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: தகுந்த காரணமில்லாமல் கத்தியைப் பையில் வைத்துத் திரிவது பிரான்ஸில் சட்டப்படி குற்றம். விமானத்தில் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

டூராலெக்ஸ் டம்ளரின் அடியில் உள்ள எண் வயதா?

பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் அது வயதுதான். டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்து "உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டுக்கொள்ளாத பிரெஞ்சுப் பிள்ளை இருக்காது. சில பள்ளிகளில் சின்ன எண் வந்தவர், சிலவற்றில் பெரிய எண் வந்தவர் எழுந்துபோய்த் தண்ணீர்க் குடுவையை நிரப்பி வர வேண்டும்.

தொழிற்சாலைக்கு அது அச்சின் எண். ஒரே இயந்திரத்தில் பல அச்சுகள் சுற்றுகின்றன. ஒரு டம்ளரில் குறை தென்பட்டால் எந்த அச்சு என்று உடனே கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? ஆர்லியான் பக்கத்திலுள்ள லா ஷப்பெல் சேன் மெமானில் 1945லிருந்து இந்தக் கண்ணாடி தயாராகிறது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் ழிகோஞ் 1946ல் வந்தது, ஒன்பது பட்டை கொண்ட பிகார்தி 1954ல். எரிவாயு விலை ஏறியதால் 2022 நவம்பரில் உலையைச் சில மாதம் தணித்து வைக்க வேண்டிவந்தது. 2024ல் தொழிலாளர்களே கூட்டுறவாகச் சேர்ந்து நிறுவனத்தை எடுத்துக்கொண்டார்கள்.

உடையாத கண்ணாடி என்றார்கள். மேசைமேல் சும்மா இருந்தது திடீரென்று வெடித்துச் சிதறியதே?

உடையாத கண்ணாடி என்று எதுவும் இல்லை. அச்சிலிருந்து வந்த டம்ளரைச் சுமார் 700 டிகிரிக்குச் சூடாக்கி, உடனே குளிர்ந்த காற்றால் தாக்குகிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது வெளித்தோலை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அந்த அழுத்தம்தான் அதன் பலம், அதனால்தான் கீழே விழுந்தாலும் பெரும்பாலும் துள்ளி எழுகிறது.

பலவீனமும் அதே இடத்தில்தான். எவர்சில்வர் கரண்டியால் வருடக்கணக்கில் கலக்கும்போது விழும் கீறல், வெளித்தோலைத் தாண்டி உள்ளே இழுவிசை இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டால், தேங்கியிருந்த விசை மொத்தமும் ஒரே நொடியில் விடுபடும். டம்ளர் நூற்றுக்கணக்கான சிறு துண்டாகும். அடி இன்று பட்டு, வெடிப்பது நாளை என்றும் நடக்கும். நகம் சிக்கும் அளவுக்குக் கீறலோ விளிம்பில் சில்லோ இருந்தால் தூக்கிப்போட்டுவிடுங்கள். காபி ஊற்றலாம். நேரடித் தீயில் மட்டும் வைக்கக் கூடாது.

ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால்?

உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். உள்ளது சுருங்கும், வெளியிலுள்ளது விரியும். லேசாகத் திருகினால் கழன்றுவிடும். நெம்பாதீர்கள்.

தண்ணீர் வெண்ணெய்ச் சாடியில் வெண்ணெய் தண்ணீருக்குள் விழுந்துவிடுகிறது. என்ன தவறு?

முதலில் சாடி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கீழே ஒரு கிண்ணம், அதில் தண்ணீர். மேலே மணி வடிவ மூடி, அதன் உட்புறம் வெண்ணெய் அப்பியிருக்கும். மூடியைக் கவிழ்த்து வைத்தால் மணியின் விளிம்பு தண்ணீரில் முங்கி, வெளிக்காற்று உள்ளே போகாதபடி அடைக்கிறது. வெண்ணெய் காறுவதற்குக் காற்றும் வெளிச்சமும்தான் முக்கியக் காரணம். இரண்டையும் தடுத்தால் குளிர்பெட்டி இல்லாமலேயே, ரொட்டியில் தடவும் பதத்தில் சில நாள் நிற்கும்.

விழுவதற்கு மூன்று காரணம். ஒன்று, குளிர்ந்த கட்டி வெண்ணெயை அப்படியே திணித்தது. அது சுவரோடு ஒட்டாது. தடவும் பதத்துக்கு இளகிய வெண்ணெயை, ஈரமில்லாத மணிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, அடியிலிருந்து காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி அப்ப வேண்டும். இரண்டு, தண்ணீர் அதிகம். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மணியின் விளிம்பு நனைந்தால் போதும், வெண்ணெய் முங்கக் கூடாது. மூன்று, வெயில். அறை வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினால் பிடிமானம் தளர ஆரம்பிக்கும். இது பிரெத்தாஞ் கடற்கரைக் குளிருக்கு ஏற்ற சாமான். சென்னையிலோ புதுச்சேரியிலோ ஏசி இல்லாத சமையலறையில் மார்கழியில் மட்டும்தான் வேலை செய்யும். மற்ற மாதங்களில் அழகாக அலமாரியில் இருக்கட்டும்.

தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஒரு சிட்டிகை உப்பும் போடலாம். வீட்டில் ஏடு கடைந்து எடுத்த வெண்ணெய் இதற்கு ஆகாது, மோர் முழுதாகப் போகாததால் சீக்கிரம் புளித்துவிடும். உப்பு வெண்ணெய் நன்றாக நிற்கும். பிரெத்தாஞ் பகுதிக்குப் பழைய உப்பு வரியிலிருந்து விலக்கு இருந்தது. அங்கே இன்றும் உப்பு வெண்ணெய்தான் வீட்டு வெண்ணெய்.

மிக்ஸி இருக்கும்போது கையால் சுற்றும் காய் அரைப்பான் எதற்கு?

உருளைக்கிழங்கு மசியலுக்கு. மிக்ஸி பிளேடு வேகவைத்த கிழங்கின் செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடும், மசியல் பசையாக இழுக்கும். அரைப்பான் கிழங்கைத் துளைத்தட்டு வழியாக அழுத்தித் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்கிறது. ழான் மாந்த்லே 1932ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மனைவி செய்த மசியலில் கட்டி கட்டியாக இருந்ததால் இதைச் செய்தார் என்பார்கள். அவர் நிறுவனம்தான் பிறகு மூலினெக்ஸ் ஆனது.

சமையல்காரர் ஜோவெல் ரொபுஷோன் பெயர் வாங்கிய மசியலுக்கும் இதுதான் கருவி. 1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய், 250 மில்லி பால். கிழங்கைத் தோலோடு, உப்பிட்ட குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, 25 முதல் 30 நிமிடம் வேகவைக்க வேண்டும். சூட்டோடு உரித்து, மிக நுண்ணிய தட்டில் அரைத்து, சட்டியில் சிறு தீயில் நாலைந்து நிமிடம் கிளறி ஈரத்தை ஓட்ட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மசியல் நீர்த்துப்போகும். பிறகு குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்த்து அடித்து, கடைசியில் கொதிக்கும் பாலை நூல்போல விடுங்கள்.

தக்காளியை வேகவைத்து இதில் சுற்றினால் தோலும் விதையும் மேலே தங்கி, சாறு மட்டும் இறங்கும். சுற்றும்போது இறுகினால் பின்பக்கமாக இரண்டு சுற்று சுற்றுங்கள், அடைப்பு எடுபடும்.

பிரெஞ்சுத் தாமிரப் பாத்திரத்தில் சமைக்கலாமா?

உள்ளே ஈயம் பூசியிருந்தால் சமைக்கலாம். நம்மூர்ப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் அதே வெள்ளீயம்தான். நார்மாண்டியின் வில்தியூ லே புவால் ஊரில் நூற்றாண்டுகளாக இந்த வேலை நடக்கிறது.

பழைய பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் சாம்பல் நிறமாக இருந்தால் பூச்சு இருக்கிறது. கருத்திருந்தால் பரவாயில்லை. சிவப்பாகத் தாமிரம் நகத்தளவுக்கு மேல் தெரிந்தால், மறுபடி பூசும்வரை புளிப்பான எதையும் வைக்க வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடக் கூடாது, எண்ணெய் புகையும் அளவுக்குத் தாளிக்கவும் கூடாது. கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும் பூச்சு போய்விடும். சுவர் 2 மில்லிமீட்டர் கனமிருந்தால் சமையலுக்கு, 1 மில்லிமீட்டர் என்றால் சுவரில் மாட்டுவதற்கு.

ஜாம் காய்ச்சும் அகன்ற பாத்திரத்தில் மட்டும் ஈயம் பூச மாட்டார்கள். அதில் பழத்தைச் சர்க்கரை சேர்க்காமல் ஊறவிடாதீர்கள், காய்ச்சிய ஜாமையும் ஆறும்வரை விட்டுவைக்காதீர்கள். வெளிப்புறம் துலக்க வினிகர், கல்லுப்பு, மைதா குழைத்துத் தடவி, பத்து நிமிடத்தில் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும்.

ஜனவரி கேக்குக்குள் பொம்மை வைக்கிறார்களே, அது என்ன?

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்றைக்கு வெட்டும் கலெத் தெ ருவாவுக்குள் ஒளிந்திருப்பது ஃபேவ். முதலில் நிஜமாகவே மொச்சை போன்ற ஒரு பயறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் பொம்மை வந்தது. இன்று இதைச் சேகரிக்கவே ஒரு கூட்டம் இருக்கிறது. யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். வீட்டின் கடைக்குட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்து "இந்தத் துண்டு யாருக்கு?" என்பதற்குப் பெயர் சொல்லும், எனவே பெரியவர்கள் ஏமாற்ற முடியாது. வழியில் வரும் ஏழைக்கென்று ஒரு துண்டு அதிகமாக வெட்டும் வழக்கமும் உண்டு.

புரட்சிக் காலத்தில் ராஜா என்ற பேச்சே ஆகாது என்பதால் 'சமத்துவ கலெத்' என்று பெயர் மாற்றினார்கள். ஜனாதிபதி மாளிகையான எலிசேயில் 1975 முதல் வெட்டும் பிரம்மாண்ட கலெத்தில் ஃபேவ் இருப்பதில்லை. குடியரசில் ராஜா எப்படி?

வீட்டில் செய்தேன், பூரணம் வெளியே ஒழுகிவிட்டது.

அளவு சொல்லிவிடுகிறோம், எட்டுப் பேருக்கு வரும். பப்ஸ் செய்யும் அடுக்கு மாவில் 26 சென்டிமீட்டர் வட்டம் இரண்டு. பூரணத்துக்கு வெண்ணெய், சர்க்கரை, பாதாம் பொடி மூன்றும் 100 கிராம் வீதம், முட்டை 2, சோளமாவு 10 கிராம். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து மற்றவற்றைச் சேருங்கள், நுரைக்க அடிக்காதீர்கள். காற்று ஏறினால் சூட்டில் பொங்கி ஓரத்தைப் பிளக்கும். ஒழுகுவதற்கு முதல் காரணம் அதுதான்.

பூரணத்தைப் பரப்பும்போது சுற்றிலும் 2 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். ஓரத்தைத் தண்ணீரால் நனைத்து மூடுங்கள், முட்டை தடவி ஒட்ட வேண்டாம். ஃபேவை விளிம்புப் பக்கம் வையுங்கள், நடுவில் வைத்தால் முதல் வெட்டிலேயே கத்தி மோதிவிடும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, மேலே மட்டும் மஞ்சள் கரு பூசுங்கள். பக்கவாட்டில் வழிந்தால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு உப்பாது. கத்தி முனையால் கோலம் கீறி, நடுவே ஆவி போக ஒரு துளை. 200 டிகிரியில் 10 நிமிடம், 180ல் இன்னும் 30 நிமிடம். அடிப்பக்கமும் சிவந்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் உள்ளே பீங்கான் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அல்லது முழு பாதாம் ஒன்றை வைத்துவிட்டு, பொம்மையைக் கையில் கொடுங்கள்.

பிப்ரவரியில் கையில் காசு வைத்துக்கொண்டு தோசை திருப்புவது எதற்கு?

பிப்ரவரி 2, ஷாந்தலேர் திருநாள். இடது கையில் தங்கக் காசு (இல்லையென்றால் எந்தக் காசும்), வலது கையில் வாணலி. கிரேப்பை (மெல்லிய மைதா தோசை) வீசித் திருப்பி மறுபடி வாணலியிலேயே பிடித்துவிட்டால் வருடம் முழுக்கப் பணத்துக்குக் குறைவிருக்காது. மாவுக்கு 250 கிராம் மைதா, 4 முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு மணி நேர ஓய்வு. ஓரம் முழுக்கக் கிளம்பி, வாணலியை ஆட்டினால் வழுக்கி ஓடும்வரை வீசாதீர்கள்.

ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் ஏன் முறைக்கிறார்கள்?

அந்தக் காலத்தில் தூக்குப்போடுபவருக்கென்று ஒதுக்கிய ரொட்டியை மற்றவர் தொடாதபடி ரொட்டிக்காரர் கவிழ்த்து வைப்பாராம். கவிழ்ந்த ரொட்டி வீட்டுக்கு ஆகாது என்று இப்போதும் திருப்பி வைத்துவிடுவார்கள்.

குப்பைத்தொட்டிக்கும் ஒரு வரலாறு உண்டாமே?

1883 நவம்பரில், பாரிஸ் வட்டாரத்தின் அரசு அதிகாரி யூஜேன் புபெல், வீட்டு உரிமையாளர்கள் மூடியுள்ள தொட்டி தர வேண்டும் என்று ஆணையிட்டார். மட்கும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று என்று மூன்று. தரம் பிரிப்பதை அப்போதே எழுதிவிட்டார்! வீட்டுக்காரர்கள் செலவென்று கத்தினார்கள், கந்தல் பொறுக்கிப் பிழைத்தவர்கள் பிழைப்புப் போயிற்று என்று கத்தினார்கள். பத்திரிகைகள் அவர் பெயரையே தொட்டிக்குச் சூட்டின. பிரெஞ்சில் குப்பைத்தொட்டி இன்றும் புபெல்தான்.

இவற்றை மலிவாக எங்கே வாங்குவது?

பிரான்ஸில் இருப்பவர்கள் வித் கிரெனியே சந்தைக்குப் போங்கள், பரண் காலி செய்யும் சந்தை. தனியாள் வருடத்துக்கு இரண்டு முறைதான் அங்கே கடை போடலாம், அதுவும் சொந்தமாகப் பயன்படுத்திய பொருள் மட்டும். எனவே விற்பவர் பெரும்பாலும் வியாபாரி இல்லை, பாட்டி வீட்டைக் காலி செய்கிறவர். செப்டம்பர் முதல் வாரக் கடைசியில் நடக்கும் லீல் நகரப் பிராதரி மிகப் பெரியது. பாரிஸ் விளிம்பிலுள்ள சேன் துவான் சந்தை பார்க்க அருமை, விலை அருமையல்ல.

எனாமல் பாத்திரத்தின் உட்புறத்தில் விரலை ஓட்டுங்கள், சில்லு பெயர்ந்திருந்தால் சமையலுக்கு வாங்காதீர்கள். பீங்கான் கிண்ணத்தை விரலால் சுண்டுங்கள், கணீரென்று இல்லாமல் மொத்தென்று கேட்டால் விரிசல். பழைய பூச்சுள்ள மண்பாண்டத்தில் காரீயம் இருக்கக்கூடும், ஊறுகாய் போட வேண்டாம், பூ வைக்கலாம். நல்ல பொருள் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு, நல்ல விலை வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு, திரும்ப மூட்டை கட்ட மனமில்லாத நேரத்தில். சில்லறையாகக் கொண்டுபோங்கள், சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாளும்.